நாகூரைத் தாங்கி நிற்கும் கொடையும் கடமையும்

ஜமாதுல் ஆகிர் மாதத்தின் பிறை தெரிந்ததும் நாகூர் தர்காவின் ஐந்து மனாராக்களிலும் கொடி ஏறுகிறது. அந்தக் கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் ஊர்வலமாக வருகின்றன. பதினான்கு நாள் கந்தூரி விழாவின் உச்சமான சந்தனக்கூடு ஊர்வலமும் நாகப்பட்டினத்தில் புறப்பட்டு, விடியலை நெருங்கும் வேளையில் நாகூரை அடைகிறது. மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறது. சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. அடக்கத்தலத்தில் பூசுவதற்கான சந்தனக் கட்டைகளைத் தமிழக அரசு இலவசமாகத் தருகிறது. மறுநாள் செய்திகளில் ஆண்டுதோறும் ஒரே சொற்றொடர் இடம்பெறும்: மத நல்லிணக்கத்தின் சின்னம். இந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. நல்லிணக்கத்தை மனிதர்களின் நல்ல மனதிலிருந்து தானாக ஊறிவரும் ஓர் உணர்வாக மட்டுமே அது காட்டுகிறது. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக நாகூர் நிலைத்திருப்பதற்கு நல்ல மனம் மட்டும் காரணமல்ல. யார் நிலம் கொடுப்பது, யார் கோபுரம் எழுப்புவது, யார் எதைச் சுமந்து வருவது, யார் யாருக்கு நேர்ச்சைக் கடன்பட்டவர் என்று தலைமுறை தலைமுறையாக வகுத்துக் காத்துவந்த ஏற்பாடுகளே முதன்மையான காரணம். அந்த ஏற்பாடுகளைக் கவனிக்காமல் உணர்வை மட்டும் போற்றினால், போற்றிக்கொண்டிருக்கும்போதே அதை இழந்துவிடுவோம்.

தர்காவின் மையமாக இருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகை இந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்தவர், பாக்தாதின் முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் வழிவந்தவர் என்று மரபு சொல்கிறது. குவாலியரில் முகம்மது கவுஸ் என்ற சூஃபி ஞானியிடம் பாடம் கேட்டார். முகலாய அரசர் ஹுமாயூனின் மதிப்பைப் பெற்றிருந்த அந்த ஆசானின் கல்லறை இன்றும் குவாலியரில் இருக்கிறது.  குருவிடமிருந்து விடைபெற்ற சீடர் மக்கா சென்றார். மாலத்தீவு, இலங்கை வழியாகத் தமிழ்க் கடற்கரையை அடைந்து, தஞ்சையை நாயக்கர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் தங்கினார் என்பது அவருடைய வரலாறாக வழங்கிவருவது. கடலோரத்துச் சில்லடியும் பக்கத்து வாஞ்சூரும் அவர் தனித்திருந்து தவம் செய்த இடங்களாக இன்றும் மதிக்கப்படுகின்றன. அவர் இல்லறம் ஏற்கவில்லை. மகனாக ஏற்றுக்கொண்ட யூசுப் சாகிபின் வழித்தோன்றல்களே தர்காவின் பரம்பரை உரிமையாளர்கள். ஆக, இந்த ஊரின் எஜமான் என்று மக்கள் அழைக்கும் ஒருவருக்கு இங்கே பூர்வீகச் சொத்தும் இல்லை, படையும் இல்லை, சாதிச் சுற்றமும் இல்லை. மற்றவர்கள் கொடுத்ததால்தான் அவருக்கு இடம் அமைந்தது. நாகூரின் வரலாறே அந்தக் கொடைகளின் வரலாறு.

முதல் கொடையை நாகூர் மரபு தஞ்சை அரசர் அச்சுதப்ப நாயக்கரோடு சேர்த்துச் சொல்கிறது. தீராத நோயில் அரசர் வதைபட்டபோது, அரண்மனையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த ஊசிகள் தைத்த புறா ஒன்றைக் கண்டெடுக்கச் செய்து, ஓதியபடியே ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவரைக் குணப்படுத்தினார் ஆண்டகை; நன்றியாக அரசர் நிலம் கொடுத்தார் என்பது கதை. இன்று தர்கா முற்றத்தில் பக்தர்கள் புறாவைப் பறக்கவிடும்போது நினைவில் இருப்பது இந்தக் கதைதான். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கதை விளக்க முயல்கிற நிலத்தைப் பற்றிச் சந்தேகம் இல்லை. நாயக்கர்களுக்குப் பின் தஞ்சையை ஆண்ட மராத்தியர்களும் அந்தக் கொடையைத் தொடர்ந்தார்கள். 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாப சிங் கட்டிக்கொடுத்ததுதான் 131 அடி உயரப் பெரிய மனாரா. தர்காவை நோக்கி வருபவர் கண்ணில் முதலில் படும் கட்டடம் ஓர் இந்து அரசரின் கொடை. அவருடைய மகன் துளஜாவும் விளைநிலங்களை மானியமாக வழங்கினார். நன்றியோ பக்தியோ எதுவாயினும், அது மானியமாகவும் கோபுரமாகவும் உருவெடுத்ததால்தான் கொடுத்தவர் காலத்துக்குப் பிறகும் நிலைத்தது.

இதே கடற்கரையின் இன்னொரு வரலாறு, இந்தக் கருத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1006ஆம் ஆண்டையொட்டி ஸ்ரீவிஜய மன்னர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார்கள். சைவரான முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று புகழ்பெற்ற ஆவணம் அந்தக் கொடையைத்தான் பதிவுசெய்கிறது. மாற்று மதத்தவரின் வழிபாட்டிடத்துக்கு நிலம் கொடுப்பது இந்தக் கரையில் நாயக்கர்கள் புதிதாகத் தொடங்கிய பழக்கம் அல்ல. அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. ஆனால் விகாரம் இன்று இல்லை. அதன் மிச்சமாக நின்ற கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. நாகப்பட்டினத்து மண்ணில் தோண்டக் கிடைத்த 300க்கும் மேற்பட்ட புத்தர் செம்புப் படிமங்களை அருங்காட்சியகங்களில்தான் பார்க்க முடிகிறது. ராஜராஜனின் கொடையில் குறை எதுவும் இல்லை. அதைத் தாங்கிய கடல் வணிகர்களும் துறவிகளும் வழிபட வந்தவர்களும் காலப்போக்கில் விலகிப்போனார்கள். அந்த இடத்தைத் தன்னுடையதாகக் கருதும் கூட்டம் இல்லாமல் போனதும், செப்பேட்டில் எழுதிய வார்த்தையால் கோபுரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அரசரின் கொடை ஒரு தொடக்கம் மட்டுமே. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சாதாரண மக்களின் கடமை இருந்தால்தான் கட்டடம் நிற்கும். நாகூருக்கு அது இருந்தது, இருக்கிறது.

அந்தக் கடமையை அருகில் நின்று பார்த்தால் அதில் மறைபொருள் ஏதும் இருக்காது. தர்கா வாசலில் உள்ள கடைகளில் மெல்லிய வெள்ளித் தகட்டில் வெட்டிய கண், கை, கால், வீடு, தொட்டில், கப்பல் எல்லாம் விற்பனைக்கு இருக்கும். கண்ணோய் தீர்ந்தவர் கண்ணையும், வீடு கட்டி முடித்தவர் வீட்டையும் வாங்கிச் செலுத்துவார்கள். பிள்ளை பிறந்தால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்ட குடும்பம் பிள்ளையோடு வந்து முடியிறக்கும். குளத்தில் குளித்துவிட்டு ஃபாத்திஹா ஓதச் சொல்லிச் சர்க்கரை வாங்கிப்போகும். இப்படி வருபவர்களில் திருநீறு அணிந்தவர்களும் குங்குமம் வைத்தவர்களும் திரளாக இருப்பார்கள். அவர்களில் பலர் வேளாங்கண்ணிக்கும் சிக்கல் சிங்காரவேலர் கோயிலுக்கும் இதே நேர்த்திக்கடன் மனநிலையோடு போகிறவர்கள். இவர்கள் மதங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து நல்லிணக்க முடிவுக்கு வந்தவர்கள் அல்லர். கேட்டது கிடைத்தது, சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற நேர்மை அவர்களைக் கொண்டுவருகிறது. தாத்தா காலத்து நேர்ச்சை என்பதற்காகவே பேரன் வருகிறான். கடையில் தகடு விற்பவர், முடி எடுப்பவர், ரதம் அலங்கரிப்பவர், பூக் கட்டுபவர், விருந்தினருக்கு அறை கொடுப்பவர் என்று ஊரின் பிழைப்பும் அதோடு பின்னிக் கிடக்கிறது. இந்தப் பின்னலில் எல்லா மதத்தவருக்கும் இழை இருப்பதால், அதைக் கிழிக்க வருபவரை ஊரே தடுக்கிறது.

கடல் கடந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாகூர் ஒரு துறைமுகமாக இருந்தது. இங்கிருந்து புறப்பட்ட, தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்களான மரக்காயர்களின் கப்பல்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சுமத்ராவுக்கும் சென்றன. கடலில் கலங்கியவர்கள் கூப்பிட்ட பெயர் நாகூரார் பெயர். சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீசியெறிய, அது நடுக்கடலில் மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையில் போய் ஒட்டிக்கொண்டது என்ற கதை அந்த மாலுமிகளின் கதை. சில வழக்குகள் அதை டச்சுக் கப்பல் என்கின்றன. டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்ததே 17ஆம் நூற்றாண்டில்தான் என்பதால், ஆண்டகை காலத்துக்கு அது பொருந்தாது. ஆனால் கடலில் போகும் எவருக்கும், அவர் எந்த நாட்டவராயினும், நாகூரார் துணை என்ற நம்பிக்கை எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அந்தக் கதை சாட்சி. பிழைத்து வந்தவர்கள் நன்றியைச் சும்மா விடவில்லை. இலங்கையின் கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளி எழுந்தது. அங்கும் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரையிலும் நாகூர் தர்காக்கள் கட்டப்பட்டன. இவை எதிலும் அவருடைய உடல் இல்லை. வெறும் நினைவுக்காக, கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள் கல்லும் சுண்ணாம்பும் செலவழித்தார்கள். சிங்கப்பூர்க் கட்டடத்தை அந்நாட்டு அரசு 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதே தெருவில் சற்றுத் தள்ளிச் சீனர்கள் தங்கள் கடல் தெய்வமான மாசுவுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். இரு கட்டடங்களும் ஒரே காரணத்துக்காக எழுந்தவை: கடல் எங்களை விட்டுவைத்தது, கடன் தீர்க்கிறோம்.

தமிழும் இந்தக் கடனில் பங்குபெற்றது. 1833இல் நாகூரில் பிறந்த குலாம் காதிறு நாவலர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். உ.வே.சாமிநாதையர் அமர்ந்த அதே ஆசிரியர் நிழலில் உருவானவர் அவர். நாகூர்க் கலம்பகம், நாகூர்ப் புராணம் ஆகியவற்றோடு ஆண்டகையின் வரலாற்றைக் கன்ஜுல் கராமத்து என்ற உரைநடை நூலாகவும் எழுதினார். நூலின் பெயர் அரபு, நடை தமிழ், புராணமும் கலம்பகமும் கோயில் தலங்களைப் பாடிய சைவ வைணவப் புலவர்கள் வளர்த்த வடிவங்கள். ஒரு முஸ்லிம் புலவர் தம் ஊரின் மகானைப் பாடுவதற்கு அந்த வடிவங்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். ஒரு சைவ ஆசிரியர் அவருக்கு அதைத் தயங்காமல் கற்றுக்கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டில் நாகூர் ஈ.எம்.ஹனிபாவின் கம்பீரக் குரல் இறைவனையும் நாகூராரையும் பாடிய அதே வலிமையோடு திராவிட இயக்க மேடைகளிலும் ஒலித்தது. நாகூரைத் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் தனிச்சொத்தாகவோ, இந்துக்கள் பெருந்தன்மையோடு வந்துபோகும் வெளியிடமாகவோ பார்ப்பது இரண்டுமே வரலாற்றுக்குப் பொருந்தாதவை. அது தமிழ்ப் பண்பாட்டின் உள்ளே வளர்ந்த நிறுவனம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு இஸ்லாமியர்களுக்குள்ளிருந்தே வருகிறது. படைத்தவனிடம் மட்டுமே கேட்க வேண்டும், கபுறில் அடங்கியவரிடம் கேட்பது ஏகத்துவத்துக்கு முரண் என்று தவ்ஹீத் இயக்கத்தினர் பல ஆண்டுகளாக வாதிட்டுவருகிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இஸ்லாத்தின் அடிப்படைக் கொள்கையிலிருந்து எழும் கேள்வி அது. இறைநேசர்களை வணங்கவில்லை, அவர்கள் பொருட்டால் இறைவனிடம் வேண்டுகிறோம் என்பது தர்காவைப் போற்றும் ஆலிம்களின் பதில். இந்த விவாதத்தைத் தீர்த்துவைப்பது நாளிதழ்க் கட்டுரையின் வேலை அல்ல. நம்பிக்கையாளர்களே அதை வாதிட்டு முடிவுசெய்யட்டும். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். தர்காவில் எப்படி வேண்டுவது என்பது மார்க்கக் கேள்வி. தர்கா இருப்பதால் ஒரு கடற்கரையின் பல சாதியினரும் மதத்தவரும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டு வாழ்கிறார்கள் என்பது சமூக உண்மை. முதல் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொல்பவரும் இரண்டாவதன் மதிப்பை ஒப்புக்கொள்ள முடியும். நேர்ச்சை செய்யாத முஸ்லிமுக்கும் நாகூரின் வரலாறு அவருடைய முன்னோர் வரலாறுதான்.

இரண்டாவது மறுப்பைப் பகுத்தறிவாளர்கள் எழுப்புகிறார்கள். அற்புதங்களை நம்பவைத்து ஏழைகளின் காசைப் பறிக்கும் இடங்களைக் கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், அங்குள்ள தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் இறந்தார்கள். பக்தியின் பெயரால் அந்தச் சாவை மறைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதன் பின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. பின்னர் தர்கா நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு அங்கேயே மனநல மருத்துவர்களை அமர்த்தி, துவா எனும் வேண்டுதலோடு மருந்தும் கிடைக்க வழிசெய்தது. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலிலும் இதே அணுகுமுறை பின்பற்றப்படுகிறது. மருத்துவமனையைக் கண்டு அஞ்சும் குடும்பங்கள் தர்காவை நம்புகின்றன; அந்த நம்பிக்கை வழியாகவே மருத்துவம் அவர்களை அடைகிறது. தர்கா என்பது விதிகளும் பொறுப்பாளர்களும் கணக்குகளும் கொண்ட ஓர் ஏற்பாடு என்று பார்த்தால்தான், இங்கே தவறு, இதைத் திருத்துங்கள் என்று கேட்க முடியும். புனித உணர்வாக மட்டும் பார்த்தால் கேள்வி கேட்பதே குற்றமாகிவிடும். காணிக்கையின் கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை தர்காவுக்கு எதிரானது அல்ல, தர்காவின் நன்மைக்கானது.

மூன்றாவது மறுப்பு வரலாற்றாளர்களுடையது. அரசர்களின் கொடைகளில் மத நல்லிணக்கத்தைத் தேடுவது அப்பாவித்தனம், அவை அரசியல் கணக்குகள் என்பார்கள். கணக்கு இருந்தது உண்மைதான். பக்கத்திலிருந்த நாகப்பட்டினம் 1658இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றும்வரை போர்ச்சுகீசியர் வசம் இருந்தது. உள்நாட்டு வணிகர்கள் தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பல் விடக் கூடாது என்று அவர்கள் கட்டாயப்படுத்திய காலம் அது. அந்த நிலையில் மரக்காயர் வணிகமும் அவர்கள் மதிக்கும் மகானின் தலமும் நாகூரின் வெட்டாற்று முகத்தில் தழைப்பது தஞ்சை ஆட்சிக்குச் சாதகமாகவே இருந்திருக்கும். இதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் பலவீனப்படாது, பலப்படும். சுயநலமே கலவாத அன்பின் மேல் மட்டும் கட்டப்பட்ட உறவு முதல் சோதனையில் உடைந்துவிடும். அரசருக்கு வருவாய், வணிகருக்குப் பாதுகாப்பு, பக்தருக்கு ஆறுதல், ஊருக்குப் பிழைப்பு என்று எல்லோருக்கும் பங்கு இருந்ததால்தான் ஆட்சிகள் மாறியும் நாகூர் மாறவில்லை. நாயக்கர் போனார்கள், மராத்தியர் போனார்கள், ஆங்கிலேயர் போனார்கள். மனாராக்களில் கொடி ஏறுவது நிற்கவில்லை.

இந்தப் புரிதல் இன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. வக்ஃபு, அதாவது இஸ்லாமிய அறப்பணிக்கான நிரந்தர அர்ப்பணிப்பு, செய்பவர் இஸ்லாமியராக இருக்க வேண்டும் என்றிருந்த 1995 வக்ஃபுச் சட்டத்தின் வரையறையை 2013 திருத்தம், எவர் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விரித்தது. 2025 திருத்தமோ, குறைந்தது ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றிவருவதாக நிறுவுபவர் மட்டுமே வக்ஃபு செய்யலாம் என்று அதைச் சுருக்கியது. அந்த நிபந்தனையை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், நாகூரை அறிந்தவருக்கு இந்த நிபந்தனையின் உள்ளடக்கம் வலியைத் தரும். பிரதாப சிங்கின் காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால், தர்காவுக்கு ஒன்றை வக்ஃபாக அர்ப்பணிக்க விரும்பிய அந்த அரசருக்கு வழி அடைபட்டிருக்கும். வக்ஃபு சொத்துகளில் முறைகேடு நடக்கிறது, அதைத் தடுக்கவே சட்டம் என்பார்கள். முறைகேட்டைத் தடுக்கத் தணிக்கையும் வெளிப்படைத் தன்மையும் போதும். கொடுப்பவரின் மதத்தைச் சோதிக்க வேண்டிய தேவை எங்கே வந்தது? ஒரு மதத்தவர் இன்னொரு மதத்தவரின் தலத்துக்குக் கொடுப்பதைச் சட்டம் சந்தேகத்தோடு பார்த்தால், ராஜராஜன் தொடங்கி இந்தக் கரை கற்ற பழக்கத்தையே அது சந்தேகிக்கிறது.

சட்டத்தைக் குறை சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. தர்காவின் மானிய நிலங்களுக்கான பழைய ஆவணங்கள் எந்த மொழியில் இருந்தாலும் அவை படிக்கப்பட்டு, பட்டியலிடப்பட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். தஞ்சை மராத்தியர்களின் மோடி எழுத்து ஆவணங்களைத் தமிழில் தந்த தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு இது பழகிய வேலை. குலாம் காதிறு நாவலரின் நூல்கள் இஸ்லாமிய இலக்கியம் என்ற தனி அலமாரியில் ஒதுங்கிவிடாமல், தமிழ் மாணவர்கள் படிக்கும் பொதுப் பாடத்தில் இடம்பெற வேண்டும். கந்தூரியில் பங்கும் உரிமையும் உள்ள குடும்பங்கள், தொழிலாளர்கள் ஒவ்வொருவரின் மரபையும் அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கடைசித் தலைமுறை மறைந்த பிறகு கேட்க ஆள் இருக்காது. கந்தூரி முடிந்த மறுநாள் நாம் எழுதும் நல்லிணக்கச் செய்தி இந்த வேலைகளுக்கு ஈடாகாது. நாகூரில் வாழ்ந்தவர்கள் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள், தங்கள் கடனைத் தீர்த்தார்கள், அதனால் நமக்கு ஓர் ஊர் கிடைத்தது. அடுத்த தலைமுறைக்கு அந்த ஊர் கிடைக்க வேண்டுமானால், பாராட்டுவதை விட்டு நாமும் நம் பங்கைக் கொடுக்கத் தொடங்க வேண்டும்.